நிலத் தரகர் (வாலாஜாபேட்டை வட்டாரம்)

நிலத் தரகர் என்பவர் நிலம், வீட்டுமனை, வீடு, கடை முதலிய அசையாச் சொத்துகளை விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து, விலை பேசி, பத்திரப் பதிவு வரை உடனிருந்து, அதற்காகத் தரகு பெறுபவர் ஆவார். வாடகைக்கும் குத்தகைக்கும் ஆள் பார்த்துத் தருவதும் இவரது பணியில் அடங்கும். தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள வாலாஜாபேட்டையும் அதன் சுற்றுப்புறங்களும் இத்தொழிலின் இயல்பை அறிய ஏற்ற எடுத்துக்காட்டாகும். பழைய நகரம், தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, தோல் பதனிடும் தொழிலால் பாதிக்கப்பட்ட நிலத்தடி நீர் ஆகிய நான்கும் இங்கு அருகருகே அமைந்துள்ளன.

இந்தியாவில் பத்திரப் பதிவு நில உரிமைக்கு அரசு அளிக்கும் உறுதி அன்று. விற்பவருக்கு உண்மையில் உரிமை உள்ளதா என்பதை ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சார்ந்தது. எனவே, ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு பாதுகாப்பாக இருப்பது பெரிதும் பதிவுக்கு முன் நடைபெறும் ஆய்வைப் பொறுத்தது. அந்த ஆய்வில் வாங்குபவருக்கு முதலில் வழிகாட்டுபவர் பெரும்பாலும் தரகரே.

பெயர்

தரகு என்னும் சொல் இடைநின்று வணிகம் முடித்துக் கொடுத்தலையும், அதற்குப் பெறும் கூலியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இவர் 'புரோக்கர்' எனவும், கூலி 'கமிஷன்' எனவும் வழங்கப்படுகின்றன. சட்ட நூல்களில் காணப்படும் 'முகவர்' என்னும் சொல் சற்று வேறுபட்ட பொருளுடையது. முகவர் ஒருவரின் சார்பில் செயற்படுபவர். அவரது நலனைக் காக்கக் கடமைப்பட்டவர். தரகரோ வழக்கத்தில் இருவருக்கும் இடையில் நிற்பவர். இரு பக்கமும் கூலி பெறுபவர். இந்த வேறுபாடே இத்தொழிலில் எழும் பல சிக்கல்களுக்கு அடிப்படையாகும்.

வட்டாரப் பின்னணி

வாலாஜாபேட்டை பாலாற்றின் வடபுறத்தில் அமைந்த நகரம் ஆகும். ஆற்காடு நவாப் முகமது அலி கான் வாலாஜாவின் பெயரால் இது வழங்குகிறது. 1866 ஆம் ஆண்டிலேயே நகராட்சியானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது.

இப்பகுதி முன்பு வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989 இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் இது வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் புதிதாக உருவாயின. இதனால் ஒரே நிலத்தின் பழைய பத்திரங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் காணப்படலாம். புல எண்ணும் உட்பிரிவு காரணமாக மாறியிருக்கலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பார்ப்பது இவ்வட்டாரத் தரகரின் அடிப்படைத் திறன்களுள் ஒன்று.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, இராணிப்பேட்டையின் சிப்காட் தொழிற்பேட்டை, பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை ஆகியவை இங்கு வீட்டுமனைத் தேவையைக் கூட்டியவை. ஏறத்தாழ 262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் தடம் வாலாஜாபேட்டை, அரக்கோணம், காஞ்சிபுரம் வழியாகச் செல்கிறது. மாவட்டத்தின் கிழக்கிலுள்ள பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்சு வாகனத் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய திட்டங்கள் அறிவிக்கப்படும்போது, தொழிற்சாலை எழுவதற்கு முன்பே சுற்றுப்புற நிலங்கள் விற்பனைக்கு வருவது வழக்கம்.

பணியின் படிநிலைகள்

ஒரு விற்பனை பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. தகவல் திரட்டல்: எவர் விற்க விரும்புகிறார், ஏன் விற்கிறார், எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பதை அறிதல். தேநீர்க் கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், உறவினர் வட்டம் ஆகியவை பழைய தகவல் மையங்கள். கைப்பேசிக் குழுக்களும் இணைய விளம்பரங்களும் பின்னர் சேர்ந்துகொண்டன.
2. இடம் காட்டல்: எல்லைக்கல், பாதை, மின்கம்பி, நீர்வரத்து ஆகியவற்றை நேரில் காட்டுதல்.
3. விலை பேசுதல்: இரு தரப்பும் நேரில் சந்திக்கும் முன்பே விலை வேறுபாட்டைக் குறைத்தல்.
4. முன்பணம்: சிறு தொகை கைமாறியபின் விற்பனை உடன்படிக்கை எழுதப்படுகிறது. மீதித் தொகைக்கான காலக்கெடு அதில் குறிக்கப்படும்.
5. ஆவண ஆய்வு: பத்திரங்களின் நகல்களைப் பெற்று வழக்கறிஞரிடம் கருத்துப் பெறச் செய்தல்.
6. பதிவு: சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிதல்.
7. பட்டா மாற்றம்: வருவாய்த்துறைப் பதிவேட்டில் புதிய உரிமையாளர் பெயரை ஏற்றுதல்.

இவற்றுள் ஐந்தாவது படியே மிக இன்றியமையாதது. ஆனால் முன்பணம் கொடுத்தபின் அது நடைபெறும் வழக்கமும் உண்டு. அவ்வாறு நேரும்போது, குறை தெரிந்தாலும் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது கடினமாகிறது.

அளவைகள்

நிலப் பத்திரங்களில் பழைய அளவைகளும் மெட்ரிக் அளவைகளும் கலந்து வருகின்றன. 1 ஏக்கர் 100 சென்ட் ஆகும். 1 சென்ட் 435.6 சதுர அடி. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வழங்கும் 1 கிரவுண்ட் 2400 சதுர அடி. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் எனக் குறிக்கப்படும். 1 ஹெக்டேர் 100 ஏர். 1 ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். பத்திரத்தில் உள்ள சென்ட் அளவும் பட்டாவில் உள்ள ஏர் அளவும் ஒத்து வராவிடில் நில அளவர் மூலம் அளந்து பார்ப்பது தேவையாகும்.

ஆவணங்கள்

நில ஆவணங்கள் இரு துறைகளில் பிரிந்து கிடக்கின்றன. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறையைச் சேர்ந்தவை. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவை வருவாய்த்துறையையும் நில அளவைத்துறையையும் சேர்ந்தவை.

மூலப் பத்திரம்: இப்போது விற்பவருக்கு நிலம் எவ்வாறு வந்தது என்பதைக் காட்டும் முந்தைய ஆவணம். பல கைமாறிய நிலத்திற்குப் பத்திரங்கள் ஒரு சங்கிலியாக அமையும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் ஐயம் எழும்.

வில்லங்கச் சான்று: குறிப்பிட்ட காலத்தில் அந்நிலம் குறித்துப் பதிவான ஆவணங்களின் பட்டியல். 1975 ஆம் ஆண்டு முதலான பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையத்தளத்தில் காணலாம்.

பட்டா: நிலவரிப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணம். இதனைப் பொதுமக்கள் முழு உரிமை ஆவணமாகக் கருதுகின்றனர். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் உரிமையைத் தோற்றுவிக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

புலப்படம்: புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம். பாதை உண்டா, அண்டை நிலம் புறம்போக்கா என்பவற்றை இதிலிருந்து அறியலாம்.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பதால் வில்லங்கமே இல்லை என்று பொருளாகாது. பதிவு செய்யப்படாத உயில், குடும்பத்தினரின் வாய்மொழி ஏற்பாடு, நிலுவையிலுள்ள வழக்கு முதலியவை அதில் வராமல் இருக்கலாம். இசுலாமியச் சட்டப்படி ஒருவர் வாய்மொழியாகவே கொடை அளித்து, மற்றவர் அதனை ஏற்று, நிலத்தின் அனுபோகம் கைமாறியிருப்பின் அது செல்லும். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கும் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் இதற்கான சட்டத்திருத்தம் 1989 இலும், நடுவண் சட்டத்தில் 2005 இலும் வந்தது. அண்ணன் தம்பி மட்டும் கையொப்பமிட்டு விற்ற நிலத்தின்மீது பின்னர் சகோதரி வழக்குத் தொடர்வது இதனாலேயே. வாரிசுகள் எத்தனை பேர் என்னும் செய்தி எந்த இணையத்தளத்தையும் விட ஊரார் வாயில் விரைவாகக் கிடைக்கும். உள்ளூர்த் தரகரின் உண்மையான பயன் இங்கேயே வெளிப்படுகிறது.

பதிவும் உரிமையும்

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் நில விற்பனைக்கு அடிப்படையானவை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தார் என்பதற்கான சான்று மட்டுமே. விற்பவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்காது.

மோசடிப் பதிவுகளைத் தடுக்க, விற்பவர் தமது மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு செய்யலாம் என்னும் விதி 55ஏ தமிழ்நாட்டில் 2022 இல் கொண்டுவரப்பட்டது. கோபி எதிர் சார்பதிவாளர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று இவ்விதியின் முதற்பகுதியைச் செல்லாது என அறிவித்தது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்குச் சட்டத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே மாதத்தில், மூல ஆவணத்தைக் காட்டுவதைச் சட்டத்தின் வாயிலாகவே கட்டாயமாக்கும் திருத்த முன்வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

பொது அதிகார ஆவணத்தைக் கொண்டு நிலத்தைக் கைமாற்றுவதும் முன்பு பரவலாக இருந்தது. பேச்சு வழக்கில் இது 'பவர் பத்திரம்' எனப்படும். விற்பனை உடன்படிக்கை, அதிகார ஆவணம், உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுப்பதால் மட்டும் நில உரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11 அன்று சூரச் லாம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது.

அங்கீகாரமற்ற மனைகள்

விளைநிலத்தைத் துண்டுகளாக்கி, கற்கள் நட்டு, நகர் எனப் பெயரிட்டு விற்பது நெடுஞ்சாலையோர ஊர்களில் பல்லாண்டுகள் நடைபெற்றது. சாலைக்கும் பொது இடத்திற்கும் நிலம் ஒதுக்கி, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றபின் விற்பதே முறையாகும். ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அரசு நிலம், அறநிலையத் துறைக்குட்பட்ட கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்வதையும் இப்பிரிவு தடுக்கிறது.

முன்னரே மனை வாங்கியிருந்தவர்கள் இதனால் விற்கவோ வங்கிக் கடன் பெறவோ இயலாமல் திகைத்தனர். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் விதிகள் 2017 மே மாதத்தில் வெளியிடப்பட்டன. தரகரின் பேச்சில் 'அப்ரூவல் மனை', 'அன்அப்ரூவ்டு மனை' என்னும் பிரிவு இதன் பின்னர் விலையை முடிவு செய்யும் முதல் வினாவாயிற்று. ஊராட்சித் தலைவர் கையொப்பமிட்ட வரைபடம் மட்டும் உள்ள மனைக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உள்ளதாகக் கொள்ள இயலாது.

பஞ்சமி நிலம் தனிக் கவனத்திற்குரியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனைகளுடன் ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் இவை. குறித்த காலத்திற்கு விற்கக்கூடாது, பின்னரும் அம்மக்களுக்கே விற்க வேண்டும் என்பன நிபந்தனைகள். இவற்றைப் பிறர் வாங்கினால் பதிவுப் பத்திரம் கையிலிருந்தும் உரிமை நிலைக்காது.

தோல் தொழிலும் நிலத்தடி நீரும்

வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வு தந்தது. கழிவுநீர் மண்ணையும் கிணறுகளையும் கெடுக்கவும் செய்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ உழவுக்குத் தகுதியிழந்ததாக ஓர் ஆய்வு கூறியதையும் தீர்ப்பு எடுத்துரைத்தது. இராணிப்பேட்டையில் 1995 இல் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் கழிவுக் குவியல் மற்றொரு சிக்கலாகும். 2025 சனவரி 30 அன்றும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது.

நிலத் தரகுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய எதிலும் கிணற்று நீரின் தன்மை எழுதப்படுவதில்லை. ஆவணங்கள் யாவும் குறையின்றி உள்ள மனையிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்க உதவாததாக இருக்கலாம். அப்போது வாங்கியவர் நீருக்காகத் தொடர்ந்து செலவிட நேரிடும். வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாத, தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் நீர்ச் சோதனை வழக்கமான ஆவண ஆய்வில் சேர்க்கப்படுவதில்லை. அண்டை வீட்டுக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதே வாங்குபவருக்கு எளிய வழி.

தரகும் பிற செலவுகளும்

தரகிற்கு அரசு நிர்ணயித்த அளவு இல்லை. விற்பனையில் ஒவ்வொரு தரப்பிடமும் விலையில் 1 முதல் 2 விழுக்காடும், வீட்டு வாடகையில் ஒரு மாத வாடகையும் பெறுவது பொதுவான வழக்கம். பல தரகர்கள் சேர்ந்து ஒரு விற்பனையை முடித்தால் தொகை பங்கிடப்படும்.

எடுத்துக்காட்டாக, 6,00,000 ரூபாய்க்கு ஒரு மனை வாங்கப்படுவதாகக் கொள்வோம். 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை 42,000 ரூபாய். 2023 இல் 4 இலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 12,000 ரூபாய். 10 இலட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். அப்போது அது 6,000 ரூபாய் ஆகும். 2 விழுக்காடு தரகு 12,000 ரூபாய். மனை அரசின் வழிகாட்டி மதிப்பிற்குக் குறைவாக விலைபோயிருந்தாலும் தீர்வை அம்மதிப்பின் அடிப்படையிலேயே கணக்கிடப்படும்.

வேறு உடன்பாடு இல்லாதபோது, ஒப்படைக்கப்பட்ட செயல் முடியும் வரை முகவருக்கு ஊதியம் உரியதாகாது என்பது 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219 ஆம் பிரிவு. விற்பனை முடிந்தால்தான் கூலி என்பதால், பல மாதம் அலைந்த தரகர் ஒன்றும் பெறாமற் போவதுண்டு. இரு தரப்பும் அவரைத் தவிர்த்து நேரில் முடித்துக்கொள்வதும் நிகழும். அதே காரணத்தால், ஆவணத்தில் ஐயம் எழுந்தாலும் அதனைச் சொல்லாமல் விற்பனையை முடிக்கும் தூண்டுதலும் தரகருக்கு ஏற்படுகிறது. குறையைச் சுட்டிக்காட்டி விற்பனையை நிறுத்தும் தரகர் வாங்குபவரின் சேமிப்பைக் காக்கிறார். தமது கூலியை இழக்கிறார்.

குறைந்த விலைக்குத் தாமே உடன்படிக்கை செய்துகொண்டு, கூடுதல் விலைக்கு விற்று வேறுபாட்டை எடுத்துக்கொள்வோரும் உண்டு. தம்மை அமர்த்தியவருக்குத் தெரிவிக்காமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்தால், அந்த ஆதாயத்தை அவரிடமிருந்து கோரும் உரிமை அமர்த்தியவருக்கு உண்டு என அதே சட்டத்தின் 216 ஆம் பிரிவு கூறுகிறது.

ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் எல்லையும்

மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016 இல் இயற்றப்பட்டு, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இது 'ரெரா' எனச் சுருக்கமாக வழங்குகிறது. தமிழ்நாட்டு விதிகள் 2017 சூன் மாதத்தில் வெளியாயின. இச்சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ குடியிருப்போ விற்றுத்தரும் முகவரும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருத்தல் வேண்டும். பதியப்படாத திட்டத்தை விற்றுத் தரக்கூடாது, கணக்குகளைப் பேண வேண்டும், பொய்யான விளம்பரம் கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்களையும் தகவல்களையும் அளிக்க வேண்டும் என்பன 10 ஆம் பிரிவின் கடமைகள். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம்.

ஆயினும் இச்சட்டம் திட்டங்களையே மையமாகக் கொண்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 குடியிருப்புகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. ஒருவர் தமது பழைய வீட்டையோ, தனி மனையையோ, விளைநிலத்தையோ இன்னொருவருக்கு விற்பது திட்டம் ஆகாது. வாலாஜாபேட்டை போன்ற ஊர்களில் உள்ளூர்த் தரகரின் வழியாக நடைபெறும் இத்தகைய விற்பனைகளுக்கு உரிமமோ தேர்வோ தேவையில்லை. மூலப் பத்திரச் சிக்கல்களும் வாரிசு வழக்குகளும் மிகுதியாக எழுவது இவற்றிலேயே.

பிற நாடுகளில்

ஆத்திரேலியாவின் தெற்கு ஆத்திரேலியாவில் 1858 இல் இராபர்ட்டு டோரென்சு அறிமுகப்படுத்திய முறையில், அரசின் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமையாகும். மலேசியாவும் சிங்கப்பூரும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அங்கு மூலப் பத்திரச் சங்கிலியைத் தேடும் வேலை பெரும்பாலும் எழுவதில்லை.

சிங்கப்பூரில் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து முகவர்கள் உரிமமும் பதிவும் பெற வேண்டும். ஒரே விற்பனையில் ஒரு முகவர் விற்பவர், வாங்குபவர் ஆகிய இரு தரப்பிற்கும் செயற்பட அங்கு தடை உள்ளது. தமிழ்நாட்டிலோ இரு தரப்பிடமும் தரகு பெறுவதே வழக்கம். ஆதலால் இங்கு தரகரின் சொல்லை மட்டும் நம்பாமல், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாமே அமர்த்திய வழக்கறிஞரைக் கொண்டு ஆவணங்களை ஆராய்வது வாங்குபவருக்குரிய முதன்மையான பாதுகாப்பாகும்.